இன்னொரு மஞ்சப்பை

மஞ்சப்பைன்னு சொன்னதும் என்ன ஞாபகம் வரும்? கல்யாண வீட்டுல தேங்காய், வெத்தலை பாக்கு போட்டுக் குடுப்பாங்களே, அது. சினிமாவுல ஒரு ஆளு கிராமத்துலேர்ந்து எழும்பூர்ல வந்து இறங்குறாருன்னு காட்டணும்னா அவர் கக்கத்துல செருகி விடுவாங்களே, அது. 2021 டிசம்பர்ல தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு ஒரு திட்டமே ஆரம்பிச்சாங்க. பிளாஸ்டிக்கை விட்டுட்டு துணிப்பைக்கு வாங்க மக்களேன்னு.

நான் பேசப்போறது அந்தப் பையைப் பத்தி இல்லை. ஆஸ்பத்திரி வார்டு ஓரத்துல இன்னொரு மஞ்சப்பை இருக்கும். பார்த்திருப்பீங்க. மூடி போட்ட டப்பாவுக்குள்ள, வெளியில ஒரு அபாயக் குறியோட. நாமளும் சொந்தக்காரங்களைப் பார்க்கப் போனப்ப ஆப்பிள் தோலையோ டீ கப்பையோ எங்க போடறதுன்னு தெரியாம அதுல போட்டிருப்போம்.

கொஞ்சம் சீரியஸான மேட்டர்தான். ஆனா நம்ம செங்கல்பட்டு பக்கத்து ஆளுங்க யாரும் 'எனக்கு என்ன'ன்னு தாண்டிப் போக முடியாத மேட்டர். காரணம் இருக்கு.

நான் பொட்டி தட்டுறது மகேந்திரா சிட்டியில. செங்கல்பட்டுல ரயில் ஏறினா அடுத்த ஸ்டேஷன் பரனூர், அவ்ளோதான். அந்தப் பரனூருக்குப் பக்கத்துல இருக்கு தென்மேல்பாக்கம்னு ஒரு ஊர். அங்கேயும், மதுராந்தகம் தாலுகாவுல கின்னார் கிராமத்துலயும் மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்கிற பொது நிலையங்கள் இருக்கு. சென்னையிலயும் சுத்துவட்டாரத்துலயும் இருக்குற ஆஸ்பத்திரிகளோட மஞ்சப்பைகள் வந்து சேர்ற இடங்கள் இவை. பட்டணத்துக்காரங்களோட அறுவை சிகிச்சை மிச்சமெல்லாம் நம்ம மாவட்டத்துலதான் புகையாவும் சாம்பலாவும் ஆகுதுன்னு சொன்னா தப்பில்லை.

சரி, முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துடுவோம். போரடிக்காம சொல்றேன்.

இந்தியாவுல மருத்துவக் கழிவுக்குன்னு முதல் விதிகள் வந்தது 1998-ல. அதை மாத்தி 2016 மார்ச்சுல புது விதிகள் வந்துச்சு. அதுப்படி நாலு நிறம்.

மஞ்சள்: உடல் உறுப்புகள், ரத்தம் தோய்ஞ்ச பஞ்சு, கட்டுத்துணி, காலாவதியான மருந்து, லேப் கிருமிக் கழிவு. இதுல பெரும்பாலானது உலைக்குப் போகும்.

சிவப்பு: ட்ரிப்ஸ் ட்யூப், சிறுநீர்ப் பை, கையுறை, ஊசி கழட்டின சிரிஞ்சு. அதாவது அழுக்கான, ஆனா மறுசுழற்சி பண்ணக்கூடிய பிளாஸ்டிக். நீராவியில வேக வச்சு கிருமியைக் கொன்னு, துண்டு துண்டா நறுக்கி, மறுசுழற்சிக்கு அனுப்பணும்.

வெள்ளை: ஊசி, பிளேடு, குத்துறது கிழிக்கிறது எல்லாம். பை கிடையாது, குத்தினா ஓட்டை விழாத கெட்டி டப்பா.

நீலம்: மருந்து கண்ணாடிக் குப்பி, எலும்புல வைக்கிற உலோகத் தகடு மாதிரி சமாச்சாரங்கள்.

48 மணி நேரத்துக்கு மேல ஆஸ்பத்திரியில வச்சிருக்கக் கூடாது. ஒவ்வொரு பைக்கும் பார்கோடு ஒட்டணும். 75 கிலோமீட்டருக்குள்ள பொது நிலையம் இருந்தா ஆஸ்பத்திரி தன் வளாகத்துலயே எரிக்கறது, புதைக்கறது கூடாது. இது பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும் இல்லைங்க. தெருமுனை கிளினிக், ரத்தப் பரிசோதனை நிலையம், மாட்டாஸ்பத்திரி, சித்த வைத்தியசாலை, ரத்ததான முகாம் வரைக்கும் எல்லாருக்கும் பொருந்தும்.

காகிதத்துல பார்த்தா அருமையான சிஸ்டம். டிசைன் டாகுமெண்ட் படிச்ச மாதிரி இருக்கும். ஆனா டிசைன் டாகுமெண்டுல எந்த சாஃப்ட்வேர்லயும் பிழை இருந்ததில்லையே :-)

என்னோட கட்சி இதுதான்: மருத்துவக் கழிவுன்னாலே நாம உலையைப் பத்திப் பேசறோம், லாரியைப் பத்திப் பேசறோம், எல்லை செக்போஸ்ட்டைப் பத்திப் பேசறோம். ஆனா விஷயம் முடிவாகறது அங்க இல்லை. நோயாளி கையிலேர்ந்து ஊசி வெளிய வந்து, அது எந்த டப்பாவுல விழுதுங்கற அந்தப் பத்து செகண்டுலதான் முடிவாகுது. அதுக்கப்புறம் நடக்கறதெல்லாம் அந்தப் பத்து செகண்டோட விளைவு.

எங்க தொழில்ல ஒரு பழமொழி மாதிரி சொல்லுவாங்க, கார்பேஜ் இன், கார்பேஜ் அவுட்னு. உள்ள குப்பையைப் போட்டா வெளிய குப்பைதான் வரும். இங்க அது உவமையே இல்லை, நிஜம்!

ஒரு சின்னக் கணக்கு. ஆஸ்பத்திரியில சேர்ற மொத்தக் குப்பையில சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சாப்பாட்டுப் பொட்டலம், காகிதம், அட்டைப்பெட்டி. மீதி 15 சதவீதம்தான் ஆபத்தானது. 100 கிலோ குப்பை சேருதுன்னு வச்சுக்கங்க. ஒழுங்காப் பிரிச்சா 15 கிலோவுக்கு மட்டும் கவலைப்பட்டாப் போதும். அந்த 15 கிலோவை 85 கிலோவோட கலந்துட்டா? 100 கிலோவும் ஆபத்தான குப்பை ஆயிடுச்சு. ஒரு குடம் பால்ல ஒரு துளி விஷம் கதைதான். கலந்ததுக்கு அப்புறம் பிரிக்கணும்னா ஒரு மனுஷன் கையை விட்டுத் துழாவணும். யாரோட கைன்னு அப்புறம் சொல்றேன்.

கலந்ததை அப்படியே உலையில போட்டா என்னன்னு கேப்பீங்க. போடலாம். மருத்துவக் கழிவு உலைக்கு ரெண்டு அறை. முதல் அறையில 800 டிகிரி செல்சியஸ் அளவுல கழிவு எரியும். அதுலேர்ந்து வர்ற புகை ரெண்டாவது அறையில 1050 டிகிரியில குறைஞ்சது 2 செகண்டாவது தங்கணும். ஏன் இந்தக் கண்டிப்பு? பி.வி.சி. மாதிரி குளோரின் இருக்குற பிளாஸ்டிக்கை அரைகுறைச் சூட்டுல எரிச்சா டையாக்ஸின் வரும். வியட்நாம் போர்ல அமெரிக்கா தெளிச்ச 'ஏஜெண்ட் ஆரஞ்சு'ல கலந்திருந்த நச்சு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கொழுப்புல தங்கும், பால்ல வரும், லேசுல போகாது. ஒரு கனமீட்டர் புகையில 0.1 நானோகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி. நானோன்னா கிராமுல நூறு கோடியில ஒரு பங்கு.

இப்ப யோசிங்க. சிவப்புல போக வேண்டிய ட்யூபையும் பையையும் ஒரு வார்டுல மொத்தமா மஞ்சள்ல போட்டுட்டாங்க. அந்த பிளாஸ்டிக் நீராவிக்குப் போகாம நெருப்புக்குப் போகுது. உலை நடத்துறவர் எவ்வளவு யோக்கியரா இருந்தாலும் கட்டி வச்ச பையைப் பிரிச்சுப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆக, தென்மேல்பாக்கத்துப் புகையில என்ன இருக்கணும்னு முடிவு பண்றது அந்த உலைக்காரர் மட்டும் இல்லை. அறுபது கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு வார்டுல அவசரத்துல இருக்குற ஒரு கையும்தான்.

அவசரம்னு சொன்னேன். அங்கதான் நிறைய பேர் தப்பா பேசறாங்க. 'நர்சுங்களுக்கு அக்கறை இல்லை, ஆயாக்களுக்குப் படிப்பு இல்லை, நாலு போஸ்டர் ஒட்டினா சரியாயிடும்'னு. நான் ஒத்துக்க மாட்டேன். ராத்திரி ஷிப்டுல ஒரு வார்டு முழுக்க ஒண்ணு ரெண்டு பேர் பார்த்துக்கிட்டு இருக்கும்போது, ஊசி டப்பா வராண்டா கடைசியில இருந்தா என்ன ஆகும்? ஊசி ட்ரேயில கிடக்கும். ட்ரேயிலேர்ந்து பஞ்சோட சேர்ந்து பைக்குள்ள போகும். இது ஒழுக்கக் குறைவு இல்லீங்க, இடக் குறைவு. வெள்ளை டப்பா மருந்து வண்டியிலயே, கை எட்டுற தூரத்துல இருந்தா பாதிப் பிரச்சினை போஸ்டரே இல்லாம தீர்ந்துடும். ஒரு பட்டனைத் தப்பான இடத்துல வச்சுட்டு பயனாளரைத் திட்டுறது எங்க ஃபீல்டுலயும் உண்டு. அது எங்கேயும் எடுபட்டதில்லை.

இப்ப அந்தக் கைக்கு வர்றேன்.

எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஹவுஸ்கீப்பிங். பேரும் வேணாம், ஆஸ்பத்திரி பேரும் வேணாம். காண்ட்ராக்ட் ஆளு, ஆஸ்பத்திரிக்கு அவங்க யாருன்னே தெரியாது, ஏஜென்சி அனுப்புன 'ஒரு ஹெட்'. சாதாரணக் குப்பை போடற கறுப்புப் பையைக் கட்டித் தூக்கும்போது துணியைத் தாண்டி தொடையில ஒரு ஊசி குத்திடுச்சு. 'டாக்டர்கிட்ட சொன்னீங்களாக்கா'ன்னு கேட்டேன்.

"இன்னா தம்பி சொல்றது. சொன்னா சூப்பர்வைசர், நீ ஏன் பார்த்து எடுக்கலன்னு கேப்பான். அப்புறம் நாளைக்கு வராதம்பான். ஊசி குத்தி சாவுறதுன்னா நான் எப்பவோ போயிருக்கணும்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

அந்த ஊசிக்குப் பின்னால இருக்குற கணக்கு இது. ஊசியில தொற்று உள்ளவரோட ரத்தம் இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவரா இருந்தா, ஹெபடைடிஸ் பி தொத்துற வாய்ப்பு 30 சதவீதம் வரைக்கும். ஹெபடைடிஸ் சி சுமாரா 3-க்குள்ள. ஹெச்.ஐ.வி. 0.3. நம்ம ஜனங்க ஊசின்னாலே ஹெச்.ஐ.வி.யை நினைச்சுத்தான் பயப்படறாங்க. நிஜமான பூதம் ஹெபடைடிஸ் பி. உடம்புக்கு வெளிய ஏழு நாள் வரைக்கும் கூட உயிரோட இருக்கும் அந்த வைரஸ்.

வேடிக்கை என்னன்னா, இந்த மூணுல தடுப்பூசி இருக்கறதும் அதே ஹெபடைடிஸ் பி-க்குத்தான். மூணு டோஸ். இன்னிக்கு ஒண்ணு, ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. கழிவைக் கையாளுற எல்லாருக்கும் இதையும் டெட்டனஸையும் போட்டாகணும், வருஷத்துக்கு ஒரு தடவை உடம்பைப் பரிசோதிக்கணும்னு 2016 விதியிலயே இருக்கு. இப்ப ஏஜென்சி நடத்துறவர் இடத்துல உக்காந்து யோசிங்க. அடுத்த மாசம் ஆள் இருப்பாங்களான்னே தெரியாது. ஆறாவது மாச டோஸுக்கு யார் பொறுப்பு? ஏஜென்சியா, ஆஸ்பத்திரியா? ஆறு மாசம் தாங்காத வேலைக்கு, ஆறு மாசம் பிடிக்கிற தடுப்பூசி. ஓட்டை அங்கதான் இருக்கு. கையுறை வாங்கிக் குடுத்து இதை அடைக்க முடியாது. வேலையை நிரந்தரம் ஆக்க முடியலைன்னாலும், தடுப்பூசி கணக்கையாவது ஏஜென்சி பேர்ல இல்லாம அந்த மனுஷி பேர்ல வச்சுக்கலாமே. கொரோனா தடுப்பூசி போட்டுக்கிட்டவங்களுக்கு போன்ல சான்றிதழ் குடுத்தோம். அதே தொழில்நுட்பம்தான்.

(இடையில ஒரு உபயோகமான தகவல்: யாருக்காவது இப்படி ஊசி குத்துச்சுன்னா, உடனே சோப்பு போட்டு ஓடற தண்ணியில கழுவணும். பிதுக்கக் கூடாது, வாயில வச்சு உறியக் கூடாது. நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போயி சொல்லணும். ஹெச்.ஐ.வி.க்கான தடுப்பு மாத்திரையை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கறது உத்தமம், 72 மணி நேரத்துக்குள்ளயாவது ஆரம்பிச்சாகணும். நம்ம ஊர்ல 1965-லேர்ந்து மருத்துவக் கல்லூரி இருக்கு. தயங்காதீங்க.)

அடுத்து காசு மேட்டர்.

கழிவு எடுக்குற நிறுவனத்துக்கு ஆஸ்பத்திரி பணம் கட்டுறது பெரும்பாலும் ரெண்டு விதம். படுக்கைக்கு இவ்வளவு, இல்லைன்னா கிலோவுக்கு இவ்வளவு. கிலோ கணக்குன்னா, கொஞ்சத்தைக் கறுப்புப் பையில தள்ளி நகராட்சி வண்டியில ஏத்திட்டா லாபம். படுக்கைக் கணக்குன்னா, எவ்வளவு போட்டாலும் ஒரே காசுங்கறதால எல்லாத்தையும் மஞ்சள்ல அள்ளிப் போடறது சுலபம். ரெண்டுலயுமே ஒழுங்காப் பிரிக்கிறவனுக்கு ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. நம்ம ஊர்ல எந்த விஷயம்தான் பிரயோஜனம் இல்லாம நடந்திருக்கு சொல்லுங்க.

இந்தக் காசு கணக்கு முத்திப் போனா என்ன ஆகும்ங்கறதுக்கு உதாரணம் நம்ம மாநிலத்துலயே இருக்கு. 2024 டிசம்பர். திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் மருத்துவக் கழிவு குவியல் குவியலா கிடக்குது. கிளறிப் பார்த்தா திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மையம் உள்பட கேரள ஆஸ்பத்திரிகள் பேர் போட்ட காகிதங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு தானா முன்வந்து கேஸை எடுத்து, மூணு நாளுக்குள்ள கேரளாவே வந்து அள்ளிட்டுப் போகணும்னு சொல்லிடுச்சு. டிசம்பர் 22-ஆம் தேதி அங்கேயிருந்து அதிகாரிங்களும் லாரிங்களும் வந்து அள்ளினாங்க. டிவியில எல்லாரும் பார்த்தோம், 'அப்படிப் போடு'ன்னு கை தட்டினோம். அடுத்த வருஷம் ஏப்ரல்ல, மருத்துவக் கழிவைக் கொட்டுறவங்க மேல குண்டர் சட்டம் பாயுற மாதிரி 1982-ஆம் வருஷ சட்டத்துல திருத்தம் கொண்டு வந்து சட்டசபையில நிறைவேத்தினாங்க.

நல்லதுதான். கொட்டுறவன் உள்ள போகட்டும். ஆனா ஒரு சாஃப்ட்வேர்காரனா என்னை உறுத்தினது வேற. பார்கோடு ஒட்டணும்னு விதி வந்தது 2016-ல. நடுக்கல்லூர்ல 'இது யாரோட குப்பை'ன்னு ஊருக்குக் காட்டிக் குடுத்தது பார்கோடு இல்லை, குப்பையில கிடந்த காகிதங்கள். அந்தக் காகிதமும் கிழிஞ்சு போயிருந்தா? மழையில நனைஞ்சு போயிருந்தா?

பார்கோடு பையைத்தான் எண்ணும். பைக்குள்ள வராத ஊசியை எந்த ஸ்கேனரும் எண்ணாது. இப்ப மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க ஒரே பார்கோடு மென்பொருளைக் கொண்டு வந்திருக்கு, சந்தோஷம். ஆனா ஆஸ்பத்திரி ஒரு மாசத்துல எத்தனை ஊசி வாங்குச்சு, வெள்ளை டப்பாவுல எத்தனை கிலோ வெளிய போச்சு, இந்த ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தானே வித்தியாசம் தெரியும்? வாங்கின பில் ஒரு சிஸ்டத்துல, கழிவு கணக்கு இன்னொரு சிஸ்டத்துல கிடந்தா எப்படித் தெரியும். ரெண்டையும் இணைக்கறது பெரிய ராக்கெட் வேலை இல்லை. எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்களே ஒரு மாசத்துல செஞ்சுடுவாங்க.

அந்த வித்தியாசத்துல காணாம போற ஊசிக்கு மார்க்கெட் இருக்குங்கறதை மறந்துடக் கூடாது. 2009-ல குஜராத்துல, அப்போ சாபர்காண்டா மாவட்டத்துல இருந்த மோடாசா ஊர்ல ஹெபடைடிஸ் பி திடீர்னு பரவி ஐம்பது பேருக்கு மேல செத்துப் போனாங்க. விசாரிச்சா, ஒரு தடவை போட்ட ஊசியையே மறுபடி மறுபடி அடுத்தவங்களுக்குப் போட்டது வெளிய வந்துச்சு. பழைய சிரிஞ்சுகளைக் காயலாங்கடையில சேர்த்து விக்கிற தொழிலும் அம்பலமாச்சு. குப்பைக்குப் போனதுன்னு நாம நினைச்ச ஊசி, சுத்தி வந்து நம்ம தோள்லயே இறங்கும்!

இதெல்லாம் குஜராத், திருநெல்வேலி... மாமல்லபுரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? தண்ணிதான் சம்பந்தம்.

செங்கல்பட்டுலேர்ந்து திருக்கழுக்குன்றம் வழியா பஸ் ஏறினா மாமல்லபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை நம்ம பசங்க போறது அங்கதான். ஊருக்கு மேற்கால பக்கிங்காம் கால்வாய், கிழக்கால கடல். ஐப்பசி கார்த்திகையில மழை அடிச்சு ஊத்தும்போது பட்டணத்துக் கால்வாய்களும் ஆறுகளும் கொண்டு வர்றது எல்லாம் கடலுக்குத்தான் போகும். அதே மாசங்கள்ல நம்ம கரையோர நீரோட்டம் வடக்கேயிருந்து தெற்கே ஓடும். வாடைக் காத்தும் அதே திசை. சென்னைக்குத் தெற்க இருக்குற கோவளமும் தேவனேரியும் மாமல்லபுரமும் அந்தப் பாதையிலதான் இருக்கு.

இது நடக்கக்கூடியதுதான்னு அமெரிக்காவுல நிரூபிச்சுக் காட்டிட்டாங்க. 1987, 1988 கோடையில நியூயார்க், நியூஜெர்ஸி கடற்கரைகள்ல சிரிஞ்சு சிரிஞ்சா ஒதுங்குச்சு. பீச்சுகளை மூடினாங்க. சுற்றுலாவை நம்பின கடைக்காரங்க அந்த சீசன்ல படுத்துட்டாங்க. தேடிப் பார்த்தா, முக்கியமான மூலம் நியூயார்க் நகரத்தோட பிரம்மாண்டமான குப்பைக் கிடங்கு. ஒதுங்கின மொத்தக் குப்பையில மருத்துவக் கழிவு ரொம்பக் கொஞ்சம்தான். ஆனா அந்தக் கொஞ்சம் போதுமா இருந்துச்சு, ஜனங்க கடலுக்கு வர பயப்பட. 1988-லயே மருத்துவக் கழிவைத் தடம் பிடிக்கறதுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க.

நம்ம கரையில இழக்கறதுக்கு என்னென்ன இருக்குன்னு பாருங்க. 2019 அக்டோபர்ல சீன அதிபர் வந்தப்ப பிரதமர் மோடி காலையில மாமல்லபுரம் பீச்சுல குப்பை பொறுக்கின படம் உலகம் பூரா போச்சு. 2021-ல கோவளம் கடற்கரைக்கு சர்வதேச நீலக்கொடி சான்றிதழ் கிடைச்சுது. இதெல்லாம் போட்டோவுல வர்ற கடற்கரை. போட்டோவுல வராத கடற்கரை ஒண்ணு இருக்கு. விடிகாலையில வெறுங்காலோட நின்னு கரைவலை இழுக்குறவங்க. வலையில மீனோட வர்ற அத்தனையையும் கையாலதான் பிரிக்கணும். அவங்க ஒருத்தர் காலுல ஊசி ஏறினா, அந்த ஊசி எந்த ஆஸ்பத்திரியோடதுன்னு எந்தத் தீர்ப்பாயமும் கண்டுபிடிக்க முடியாது. அள்ளிட்டுப் போங்கன்னு யாரையும் கூப்பிடவும் முடியாது. கடல்ல சேர்ந்த குப்பைக்கு சொந்தக்காரன் கிடையாது.

அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன், முதல் பத்து செகண்டுலயே பிடிக்கணும்னு. ஒரு ஊசியை நோயாளி பக்கத்துலயே சரியான டப்பாவுல போட ஆகற செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். பைக்குள்ள போனா ஒரு அக்காவோட கல்லீரல். காயலாங்கடைக்குப் போனா ஒரு ஊரு. கடலுக்குப் போனா கணக்கே கிடையாது. பிழையை எவ்வளவு தள்ளிக் கண்டுபிடிக்கறோமோ அவ்வளவு செலவுன்னு சாஃப்ட்வேர் படிச்ச எல்லாருக்கும் முதல் வருஷமே சொல்லிக் குடுப்பாங்க.

கடைசியா நம்ம வீடு. ஆமா, நம்ம வீடும் இப்ப ஒரு குட்டி ஆஸ்பத்திரிதான். எந்தத் தெருவுல சர்க்கரை இல்லாத வீடு இருக்கு? எங்க அத்தை ஒரு நாளைக்கு ரெண்டு வேளை இன்சுலின் போடறாங்க. இது மாதிரி தெருவுக்கு நாலு பேர். ஆஸ்பத்திரி ஊசிக்குப் பார்கோடு இருக்கு, அத்தையோட ஊசிக்கு? காய்கறித் தோலோட நேரா தூய்மைப் பணியாளர் கைக்கு. அமெரிக்காவுல ஒதுங்கின சிரிஞ்சுகள்லயும் வீட்டு இன்சுலின் சிரிஞ்சு இருந்துச்சு. வீட்டுல உபயோகிச்ச ஊசியைத் தனியா வாங்கணும்னு 2016-ல வந்த திடக்கழிவு விதிகள்லயே சொல்லியாச்சு. எங்க வீட்டு வாசலுக்கு வர்ற வண்டியில அதுக்குத் தனி டப்பா எதையும் நான் பார்த்ததில்லை.

ஆக நான் கேக்கறது நாலே நாலு:

1. ஊசி டப்பா வராண்டாவுல வேணாம், மருந்து வண்டியில வேணும். ராத்திரி ஷிப்டுக்கும் சேர்த்து.

2. ஒப்பந்தம் மாறினாலும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கணக்கு தொழிலாளி பேர்ல தொடரணும். மூணாவது டோஸ் முடியாத ஆளைக் கழிவுக்கிட்ட அனுப்பக் கூடாது. ஊசி குத்துச்சுன்னு சொன்னவங்களை வேலையை விட்டு அனுப்பினா அதுக்கும் தண்டனை வேணும். லாரி டிரைவருக்கு மட்டும்தானா தண்டனை?

3. ஆஸ்பத்திரி வாங்குற ஊசி கணக்கையும் வெளிய அனுப்புற ஊசி கணக்கையும் ஒரே இடத்துல, ஜனங்க பார்க்குற மாதிரி போடணும்.

4. ஊசி விக்கிற மருந்துக்கடை, போட்ட ஊசியைத் திருப்பி வாங்கிக்கணும். பால் பாக்கெட்டுக்கும் மது பாட்டிலுக்குமே திருப்பி வாங்குறதைப் பத்திப் பேசற நாட்டுல இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லை.

நாலாவது நடக்குற வரைக்கும் வீட்டுல ஒண்ணு செய்யலாம். தரை கழுவுற திரவம் வர்ற கெட்டி பிளாஸ்டிக் பாட்டில் காலியானதும் தூக்கிப் போடாம, ஊசியை அதுல போட்டுட்டே வாங்க. மூடியைத் திரும்ப ஊசிமேல செருகப் போராடாதீங்க, அதுலதான் நிறைய பேருக்குக் குத்துது. முக்கால் பாட்டில் ரொம்பினதும் இறுக்கி மூடி, டேப் சுத்தி, மேல 'ஊசி'ன்னு பெருசா தமிழ்ல எழுதுங்க. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது எடுத்துட்டுப் போயி, 'இதை உங்க வெள்ளை டப்பாவோட சேர்த்துக்குங்க'ன்னு கேளுங்க. சில இடத்துல வாங்கிக்குவாங்க, சில இடத்துல முறைப்பாங்க. முறைச்சாலும் பரவாயில்லை, கேளுங்க. நாலு பேர் கேட்டாத்தான் அஞ்சாவது ஆளுக்கு அங்க ஒரு டப்பா வைப்பாங்க.

எங்க அத்தை போன வாரம்தான் முதல் பாட்டிலை ரொப்பி முடிச்சாங்க. "ஏண்டா, இத்தனை ஊசியா என் உடம்புல குத்தியிருக்கேன்"னு அசந்து போயிட்டாங்க. இத்தனையும் மாசாமாசம் யார் கைக்குப் போயிட்டு இருந்துச்சுன்னு நான் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் பக்கத்து வீட்டு மாமிக்கும் ஒரு பாட்டில் எடுத்து வச்சிருக்காங்க.

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இல்லை. ஆஸ்பத்திரியில வேலை பார்க்குறவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க வார்டுல வெள்ளை டப்பா எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. கட்டிலுக்குப் பக்கத்துலயா, வராண்டா கடைசியிலயா?